ஓர் ஆள் குறைகிறது

சென்ற ஆண்டு மருத்துவரைக் காண்பதற்காகக் கீழக்கரையிலிருந்து சென்னைக்குச் சென்றிருந்தேன். என் தங்கை மகன் அங்கே கார்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறான். "மாமா, இன்றிரவு உங்களைப் புதுமையானதோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன், மறுக்கக் கூடாது" என்றான். அவனும் அவன் மனைவியும், பிள்ளைகள் இருவரும், உடன் பணிபுரியும் நண்பர் இருவரும், நானுமாக ஏழு பேர் சென்றமர்ந்த இடம் ஒரு கொரிய உணவகம்.

சென்னையில் கொரியர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இப்போது அருகிவிட்டனர். தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைக்கத் தொடங்கி, 1998-இல் முதல் காரை வெளியிட்டது. அதன் பின்னே உதிரிப்பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பின்னே கொரியக் குடும்பங்கள் வந்தன. குடும்பம் வந்த இடத்துக்கு அடுப்பும் வரும் அல்லவா? தங்களுக்கென்று அவர்கள் வைத்த அடுப்பில் இன்று நம் பிள்ளைகளும் பசியாறுகிறார்கள்.

தலைக்கு 700 ரூபாய் செலுத்திவிட்டால் பரப்பி வைத்திருக்கும் பண்டங்களில் வேண்டியதை வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். பஃபே என்று நம் திருமணங்களிலும் புகுந்துவிட்ட முறைதான். கொரியர் உணவில் பன்றி இறைச்சிக்குப் பெரிய இடம் உண்டு. ஆகவே, மீனையும் காய்கறியையும் தனி அடுப்பில், தனிப் பாத்திரங்களில் சமைக்கிறார்களா என்று மருமகன் முன்னரே விசாரித்து வைத்திருந்தான். இறைச்சி வரிசையின் பக்கம் நாங்கள் திரும்பவே இல்லை.

தட்டைக் கையிலேந்தி நடந்தேன். மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைத்த கோசுக் கீரை, அதுதான் கிம்ச்சி. இனிப்பும் உறைப்புமாக வறுத்த நெத்திலி. அதற்கடுத்து, கரும்பச்சை நிறத்தில் மெல்லிய தாள்களாக ஏதோ இருந்தது. கடற்பாசி என்றார்கள். எனக்கு வியப்புத் தாளவில்லை. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி, பாறைகளிலிருந்து கையால் பறித்து வரும் பாசியை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் அவற்றுக்குப் பெயரிட்டு வகைபிரிப்பார்கள். நமக்கு அது மூட்டை கட்டி அனுப்பும் சரக்கு. கொரியருக்கோ அன்றாடச் சோற்றின் துணை. பிள்ளை பெற்ற தாய்க்குப் பாசிச் சாறு வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். எங்கோ இருக்கும் கடல் என்றாலும், நம் கடலுக்கு உறவு என்றே தோன்றிற்று.

நாங்கள் எழுவரும் ஆளுக்கொரு தட்டுடன் ஆளுக்கொரு வேளையில் மேசைக்குத் திரும்பினோம். ஒருவர் உண்ணுகையில் மற்றொருவர் எழுந்து செல்வார். பிள்ளைகள் எடுத்து வந்ததில் பாதியை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் அடுத்த மேசை என் கண்ணில் பட்டது. ஆறேழு கொரியர் அமர்ந்திருந்தனர். அவர்கள் நடுவே அடுப்பில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் சிறு சிறு கிண்ணங்கள். யாரும் கைவைக்கவில்லை. சற்று நேரத்தில் முதியவர் ஒருவர் வந்தார். எல்லோரும் எழுந்து வணங்கினர். அவர் அமர்ந்து கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் எடுத்தனர்.

"குடும்பத்தாரைக் குறிக்க அவர்களிடம் ஒரு சொல் உண்டு. நம் காதுக்கு 'சிக்கு' என்று ஒலிக்கும். உண்ணும் வாய்கள் என்பது அதன் பொருள்" என்றார், மேலதிகாரிகளிடம் சிறிது கொரியம் பயின்றிருந்த நண்பர். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அதன் பின் ஒரு கவளமும் எனக்கு இறங்கவில்லை. என் பெரியவாப்பாவின் நினைவு வந்து அமர்ந்துகொண்டது.

அவர் இளமையில் சங்கு குளித்தவர். என் சிறுவயதில் ஊர் விருந்துகளுக்கு என்னை அழைத்துச் செல்பவர் அவரே. எங்கள் ஊர் விருந்து என்றால் சஹன்தான். சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். பாயில் விரிப்பைப் போட்டு, கெண்டியில் நீரும் படிக்கமும் கொண்டுவந்து கை கழுவச் செய்து, நால்வருக்கோ ஐவருக்கோ ஓர் அகன்ற தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவே இறைச்சியும் பக்கத்தில் தாளிச்சாவும் வைப்பார்கள். பிஸ்மி சொல்லிப் பெரியவர் தொடங்குவார். அவரவர் தம் முன்னால் இருப்பதையே உண்ண வேண்டும் என்பது நபிகளார் ஒரு சிறுவருக்குக் கற்பித்த ஒழுக்கம். பெரியவாப்பாவோ பேசிக்கொண்டே தம் பக்கத்து இறைச்சித் துண்டுகளைச் சோற்றுக்கடியில் என் பக்கம் தள்ளிவிடுவார். யாரும் காணவில்லை என்பது அவர் எண்ணம். எல்லோரும் கண்டும் காணாதது போலிருப்பார்கள்.

அந்த விருந்துகளில் இன்றும் என் காதில் ஒலிப்பது பரிமாறுபவரின் குரல்: "இங்கே ஓர் ஆள் குறையுது! வாங்க, வாங்க!" எண்ணிக்கை நிரம்பாமல் சஹன் வராது. ஆகவே வாசலில் தயங்கி நிற்பவரை, அவர் மரக்காயராயினும் மூட்டை சுமப்பவராயினும், கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். அங்கே சோறு, ஆளைத் தேடி வரும்.

வளைகுடாவில் 22 ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய நான், 2004-ஆம் ஆண்டில் என் மகளின் திருமணத்தை இராமநாதபுரத்தில் நடத்தினேன். ஒரே தட்டில் பலர் கையிடுவது நாகரிகமன்று என்று எனக்கு அப்போது எண்ணம். பஃபே ஏற்பாடு செய்தேன். வந்தவர்கள் பாராட்டினார்கள், நானும் பூரித்துப் போனேன். பெரியவாப்பாவுக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது, கைநடுக்கமும் உண்டு. அவர் வெற்றுத் தட்டைப் பிடித்தபடி பந்தற்காலின் ஓரமாகச் சிறிது நேரம் நின்றிருக்கிறார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறகு தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "வயிறு சரியில்லை வாப்பா, நான் வர்றேன்" என்று ஸலாம் கூறிச் சென்றார். விருந்தினரை வழியனுப்பும் பரபரப்பில் நான் தலையசைத்தேன்.

மறுநாள் பெரியம்மா சொன்னார்கள்: வீட்டுக்கு வந்து பழைய சோற்றைக் கருவாட்டுடன் உண்டுவிட்டுப் படுத்தாராம். அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள். எட்டு மாதங்களில் பெரியவாப்பா மறைந்துவிட்டார். அவரோடு மறுபடி ஒரு சஹனில் அமரும் பேறு எனக்கு வாய்க்கவில்லை.

தனித் தட்டில் உண்பது தவறென்று நான் கூற வரவில்லை. சேர்ந்து உண்பதிலும் தனித்தனியே உண்பதிலும் குற்றமில்லை என்று திருமறையின் அந்நூர் அத்தியாயமே இடமளிக்கிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது சஹனை நிறுத்தி வைத்ததும் அறிவுடைமையே. எனினும், உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், நீங்கள் பிரிந்து உண்கிறீர்கள் போலும் என்று நபிகளார் வினவியதன் ஆழம் எனக்கு எழுபதாம் வயதில்தான் விளங்கியது. குறை, தட்டு தனியாக இருந்ததில் இல்லை. என் விருந்தில் ஆளை எண்ணிப் பார்ப்பவர் எவரும் இல்லாததில் இருந்தது.

அன்றிரவு உணவகத்தில் எழுந்து சென்றிருந்த பிள்ளைகள் திரும்பும்வரை காத்திருந்தேன். எழுவரும் அமர்ந்ததும், என் தட்டிலிருந்த வறுத்த நெத்திலியை மேசையின் நடுவே வைத்தேன். "எல்லோரும் இதிலிருந்து எடுங்கள்" என்றேன். சிறியவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு முதலில் கை நீட்டினாள்.

வரும் மாதம் ஊரில் என் பேத்திக்கு நிக்காஹ். சஹன் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். வேண்டுவோர்க்குத் தனித் தட்டும் உண்டு. பரிமாறும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கென்று ஒரு வேலையை மட்டும் கேட்டுப் பெற்றிருக்கிறேன். வாசலில் நின்று, எங்கே ஓர் ஆள் குறைகிறது என்று பார்த்துக் கூப்பிடும் வேலை.