தேய்மானக் கணக்கு!

பி.காம். படித்தவர்களிடம் ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் லேசாக வயிற்றைக் கலக்கும். டிப்ரிசியேஷன்! தமிழில் தேய்மானம். ஒரு கட்டடம் வாங்கினால், வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று அதன் மதிப்பில் கழித்துக்கொண்டே வரவேண்டும். கட்டடம் பாட்டுக்குக் கம்பீரமாக நிற்கும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் இளைத்துக்கொண்டே போகும்! பரீட்சை ஹாலில் பேனாவைக் கடித்ததோடு அந்தச் சமாச்சாரம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

முடியவில்லை சார். தேய்மானத்தை பிரஷ்ஷால் போடுகிற மனுஷர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில், டிட்காட் ரயில் நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி லாங் விட்டன்ஹாம் என்றொரு கிராமம். அங்கே பெண்டன் மியூசியம். உள்ளே கையகல வீடுகள், விரலகல மரங்கள், நடுவே குட்டி ரயில்.

ரெடிங்கில் வேலை பார்க்கும் என் மச்சினனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "அரண்மனை இருக்கு, பெரிய மணிக்கூண்டு இருக்கு... அதையெல்லாம் விட்டுட்டு அட்டை வீட்டைப் பார்க்கவா மாமா பிளேன் ஏறி வந்தீங்க?" என்றான். "லீவு போட்டிருக்கே இல்ல, பேசாம வாடா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் டிட்காட். ஸ்டேஷனை ஒட்டியே ஒரு ரயில்வே மியூசியம். 1932-ல் கட்டிய நிஜ எஞ்சின் ஷெட் அங்கே இன்னும் நிற்கிறது, உள்ளே கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் நீராவி எஞ்சின்களோடு. அங்கே அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்ததுதான் எனக்கு முதல் பாடம். கட்டடத்துக்கு வயசாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. புகை போகும் வழியில் கரி. மழைத் தண்ணீர் குழாய் ஒழுகும் இடத்தில் பாசி. ஆணி அடித்த இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு துருக் கோடு. கதவில் மனுஷன் கை வைத்துத் தள்ளுகிற உயரத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கும். படியில் நடுவில்தான் தேயும்... ஓரமாக யார் ஏறுகிறார்கள்?

ஆடிட்டர் போடும் தேய்மானம் கட்டடம் மொத்தத்துக்கும் ஒரே சதவிகிதம். மழையும் புகையும் போடும் தேய்மானம் அங்குலத்துக்கு அங்குலம் வேறு!

அங்கிருந்து டாக்ஸி பிடித்து பெண்டன் போய்ச் சேர்ந்தோம். இதை ஆரம்பித்தவர் பெயர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியர்! 1925-ல் கப்பல் ஏறி வந்தவர், 'ஒயிட் ஹார்ஸ்' பள்ளத்தாக்கின் கூரை வீடுகளைப் பார்த்துச் சொக்கிப் போனார். ஆனால் அவர் கண் முன்னாலேயே அந்த வீடுகள் மாற ஆரம்பித்தன. அழகான ஒரு வீட்டின் வைக்கோல் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதன் தலையில் ரோஸ் கலர் ஆஸ்பெஸ்டாஸை ஏற்றியதைப் பார்த்து மனுஷர் நொந்து போனாராம்.

நீங்களும் நானுமாக இருந்தால் 'காலம் கெட்டுப் போச்சு' என்று காபி குடித்துவிட்டுப் போயிருப்போம். அவர் அளவு நாடாவை எடுத்தார். வீடு வீடாக அளந்தார், போட்டோ எடுத்தார், அட்டையில் கட்ட ஆரம்பித்தார். 1954-ல் லாங் விட்டன்ஹாமில் ஒரு பழைய மதுக்கடையை வாங்கி, இளைஞர் விடுதி நடத்திக்கொண்டே மியூசியத்தையும் அங்கே வைத்தார். 1995-ல் காலமானார். வேலை இன்னும் நடக்கிறது, பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்களால்.

ஸ்கேல் என்னவென்றால், நிஜத்தில் ஒரு அடி, இங்கே 4 மில்லி மீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ள நான் அந்த ஊரில் பிறந்திருந்தால் 22 மில்லி மீட்டர்! (என் வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அதுவே அதிகம்.) 9 அங்குல நீளச் செங்கல் அங்கே 3 மில்லி மீட்டர். சாந்தோடு சேர்த்து அதன் உயரம் ஒரே ஒரு மில்லி மீட்டர். 20 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஒரே ஒரு சுவருக்கு ஆயிரம் செங்கல்லுக்கு மேல் வருகிறது. காமர்ஸ் மூளை, அங்கேயே மனக்கணக்கு போட்டுவிட்டது! அத்தனை செங்கல்லையும் அட்டையில் கோடு கீறி, வாட்டர் கலரில் தனித்தனியாகத் தீட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் செங்கல் ஒரே சிவப்பாக இருக்கக் கூடாது. சூளையில் எந்தச் செங்கல்லும் இன்னொன்றைப் போல வேகாதே!

ஒரு மேஜையில் பெரியவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் உற்றுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொல்ல ஆரம்பித்தார். புது வீடு கட்டுவது பாதி வேலைதானாம். அதைப் பழசாக்குவதுதான் மீதி. தண்ணீராகக் கரைத்த கலரைச் சுவரில் ஓட விட்டால், கோடுகளில் போய் அழுக்காகத் தங்கும். பிரஷ்ஷை ஏறக்குறைய காயவைத்து லேசாகத் தடவினால் விளிம்புகள் மட்டும் வெளுக்கும். சாக்பீஸ் தூள் புகைக்கரியாகும். பிரஷ் எப்போதும் மேலிருந்து கீழேதான் போக வேண்டும், மழை போவது போல. வெயில் படாத வடக்குக் கூரையில்தான் பாசி. எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கே நிறுத்துவது என்று தெரிவது. அழுக்கு ருசி கண்டுவிட்டால் கை நிற்காது, வீடு பாழடைந்த பங்களா ஆகிவிடும். 'இங்கே மனுஷர்கள் குடியிருக்கிறார்கள்' என்பது தெரிய வேண்டும் என்றார்.

மச்சினனிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு வீட்டின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண் அளவு ஜன்னல். உள்ளே மேஜை, நாற்காலி எல்லாம் இருக்கிறது. தோட்டத்துப் பூக்கள்கூட ஒவ்வொன்றாகச் செய்தவை!

அதே மியூசியத்தில் இன்னொருவரின் உலகமும் இருக்கிறது. ஜான் ஏஹெர்ன், லண்டனில் இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்தவர். 1930களில் மற்றவர்கள் எஞ்சினுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ரயில் போகும் ஊரைக் கட்டினார். அவர் போன பிறகும் அந்த 'மேடர் வேலி' இங்கே பத்திரமாக இருக்கிறது. எல்லோருக்கும் அப்படிக் கொடுத்து வைக்கவில்லை. அழுக்கையும் துருவையும் கலையாக்கிய அமெரிக்கர் ஜான் ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களுக்குள் அவர் வீட்டில் தீப்பிடித்து, வருஷக்கணக்கில் கட்டிய ரயில் உலகம் அநேகமாகச் சாம்பலாகிவிட்டது. பொம்மைதானே என்று சொல்லிப் பாருங்கள், மனசு கேட்காது.

வெளியே வந்து டாக்ஸிக்காக நின்றோம். மச்சினன் திடீரென்று, "மாமா... எங்க தாத்தா வீட்டுத் திண்ணை எத்தனை அடி இருக்கும்?" என்றான்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் நாலு தீபாவளிதான் ஆகியிருந்தது, இடித்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே மூன்று மாடி அபார்ட்மென்ட். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் திண்ணை இருக்கும், அதன்மேல் முப்பது பேர் நின்று அதை மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவன் விடவில்லை. போனை எடுத்து அவன் அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். நம்மூரில் ராத்திரி ஒன்பது மணி தாண்டியிருக்கும்.

"திண்ணையா? எதுக்குடா இப்ப அது? அதான் இடிச்சாச்சே" என்றார் மாமனார் தூக்கக் கலக்கத்தில்.

"அளவு வேணும்பா. எத்தனை அடி?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தோம். பிறகு குரல் வந்தது, தூக்கம் சுத்தமாகக் கலைந்துபோய்.

"அடியெல்லாம் யாருடா அளந்தது? நாங்க அண்ணன் தம்பி மூணு பேர் வரிசையா படுப்போம். பெரியப்பா பையன் வந்துட்டா அவனுக்கு மட்டும் கால் வெளியே தொங்கும். தூண் ஓரத்துல சிமென்ட் வழவழன்னு இருக்கும், உங்க தாத்தா சாஞ்சு சாஞ்சு..."

மச்சினன் மியூசியம் டிக்கெட்டைத் திருப்பி, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தான். மூன்று பையன்கள், ஒரு கால், தூணில் ஒரு வழவழப்பு.

டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று அதற்குக் கை காட்டிவிட்டு, "அப்பா, தூண் என்ன கலர்?" என்றான்.