ஒரு சுவர், இரண்டு கணக்குகள்

தேக்கடியில் படகேறுபவர்களின் கண்ணில் முதலில் படுவது யானை அல்ல, பட்டமரங்கள். ஏரிக்கு நடுவே கறுத்து நிற்கும் அந்தக் கட்டைகள் நூறாண்டுகளுக்கு முன் தண்ணீரில் மூழ்கிய காட்டின் மிச்சம். மூழ்கடித்த அணை மட்டும் தெரியாது. சுற்றுலாப் படகுகள் திரும்பும் இடத்துக்கும் அப்பால், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது முல்லைப் பெரியாறு.

அரபிக் கடலுக்குப் போகும் நதியை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பிய பென்னிகுயிக், அதை 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடித்தார். 176 அடி உயரம். தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் சுவர். எனவே 1979இல் அதன் பலம் குறித்துச் சந்தேகம் கிளம்பியபோது சொல்லப்பட்ட வைத்தியமும் எடையைக் கூட்டுவதாகவே இருந்தது. நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. உச்சியில் 12,000 டன் எடையில் கான்கிரீட் தொப்பி. மேலிருந்து துளையிட்டு, அடிப்பாறையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய எஃகுக் கம்பிகள். பின்புறம் முட்டுக்கொடுக்க இன்னொரு கான்கிரீட் சுவர்.

அந்தப் புதிய சுவருக்குள் ஆள் நடக்கும் சுரங்கப்பாதைகள் உண்டு. கசியும் நீரை அங்கேதான் அளக்கிறார்கள். இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே இடத்தில் நின்று ஒரே அளவைப் பார்க்கிறார்கள். வெளியே வரும்போது இரண்டு முடிவுகள். பலப்படுத்திய அணை புதியதற்குச் சமம் என்கிறது தமிழகம். நூற்றாண்டாகச் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருக்கிறது என்கிறது கேரளம். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்த பிறகும் வாதம் ஓயவில்லை. இதற்கிடையே ஒரு வேடிக்கை: யானை ஒன்று மின்சாரம் தாக்கி இறந்ததால் 2000இல் அணைக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில்.

வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதரா. அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் ஊர்கள் இவை. மழைக்காலத்தில் நீர்மட்டச் செய்தி வந்தால் இங்கே தூக்கம் போய்விடும். அதை அரசியல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அவற்றுக்கும் கீழே குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே, வில்லாய் வளைந்த இடுக்கி அணை. எடையை நம்பாமல், நீரின் அழுத்தத்தை இரு மலைகளின் மீதும் தள்ளிவிடும் வடிவமைப்பு. சுமார் 169 மீட்டர் உயரம். ஒரு மதகுகூடக் கிடையாது. உபரி நீர் பக்கத்துச் செறுதோணி அணையின் ஐந்து மதகுகள் வழியேதான் போகவேண்டும். 1992க்குப் பிறகு அவை திறக்கப்பட்டது 2018 வெள்ளத்தில்.

நிஜமாகவே மதகு உடைந்தது வேறிடத்தில். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு, பாலக்காட்டுக்காரர்களே தமிழகத்துக்குள் வந்து சேத்துமடை வழியாகத்தான் போகவேண்டும். அணையைப் பராமரிப்பதும் தமிழகமே. 2022 செப்டம்பர் 21 அதிகாலை, எதிர்எடையின் சங்கிலி அறுந்து நடு மதகு அடித்துச் செல்லப்பட்டது. விநாடிக்குச் சுமார் 20,000 கனஅடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. 1960களின் அணை அது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சங்கிலிதான் அறுந்தது. சுண்ணாம்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு மதகுச் சங்கிலிகளைப் பற்றி எந்த மாநிலமும் பேசியதில்லை.

குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 14,707 ஏக்கர் இருபோக நெல். ஜூன் பிறந்தால் இங்கேயும் எல்லோரும் விசாரிப்பது அதே நீர்மட்டத்தைத்தான். எப்போது ஏறும் என்று.