மண்டூர்ப் பாதையில் நெல் ஏறும் நேரம்

மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து வரும் மிதவைப் பாதை குருமண்வெளித் துறையில் கரை தட்டியதும் முதலில் ஆட்கள் இறங்குகிறார்கள். பிறகு சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும். நெல் மூட்டை ஏற்றிய பட்டா லொறி கடைசியில்தான் அசைகிறது. அது முன்னுக்கு உருளும்போது எடை முழுவதும் கரைப்பக்கம் சாயும். அந்த நேரத்தில் தட்டில் யாரும் நிற்கக் கூடாது. பாதைக்காரர் கையை உயர்த்தும்வரை லொறிச் சாரதியும் பொறுத்திருக்கிறார்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வயலும் மாடும் பெரும்பாலும் படுவான்கரையில். பிரதான வீதி, பெரிய கடைகள், களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரையில். ஆகவே பெரும்போக அறுவடை முடிந்த மாசியிலும் பங்குனியிலும் நெல் குருமண்வெளிப் பக்கம் வருகிறது; பசளையும் சீமெந்தும் மண்டூர்ப் பக்கம் போகின்றன. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். மண்டூர்க்காரருக்கு அது எண்ணெய்ச் செலவு, நேரச் செலவு.

பாதை என்பது இரும்பு மிதவைகளின்மேல் தட்டுப் போட்டு, வெளியிணைப்பு இயந்திரத்தால் ஓட்டுவது. பார்வைக்கு எளிய சாதனம். ஆனால் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சில்லுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னதைக் கேட்டபின் நான் தட்டையே வேறுவிதமாகப் பார்த்தேன். "ஏத்துறதுதான் மனே வேல. ஓட்ட ஆரும் பழகலாம். பாரம் நடுவுல நிக்கணும், மறுகாதான் மத்ததெல்லாம்." அவர் மூட்டைகளை எண்ணவில்லை, நிறுக்கவும் இல்லை. தட்டின் ஓரம் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்த்தார். பின்னால் வந்த இன்னொரு உழவு இயந்திரத்தை அடுத்த தடவைக்கு நிற்கச் சொன்னார். அதன் உரிமையாளர் முணுமுணுத்தார்; பெரியவர் அசையவில்லை.

மாரியில் வாடைக்காற்று வடக்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். அப்போது துறையை நேராகப் பார்த்து ஓட்டினால் பாதை தெற்கே ஒதுங்கிவிடும். வடக்கே குறிவைத்துப் புறப்பட்டு, கரை நெருங்கும்போது திருப்புகிறார்கள். வெள்ளத்தோடு வரும் ஆற்றுவாழை இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும். ஒருவர் கத்தியோடு குனிந்து அறுத்துக்கொண்டே வருவார். கச்சான் காலத்தில் தொல்லை வேறுமாதிரி. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வாவி வற்றி, பாதை கரைக்கு முன்பே சேற்றில் தட்டிவிடும். அப்போது பலகை அடுக்கித்தான் வாகனம் இறக்குகிறார்கள். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் சரக்கின் இடத்தைச் சனம் பிடித்துக்கொள்ளும். சனம் மூட்டை மாதிரி இருந்த இடத்தில் இருக்காது என்பதால் பாதைக்காரருக்கு அந்த நாட்கள்தான் அதிகம் பதற்றம்.

இதே வாவியில், கல்லடியில் 1924இலேயே பாலம் வந்தது. மண்முனைத்துறைக்கு 2014இல் யப்பானிய உதவியோடு வந்தது. அங்கே ஓடிய பாதை அத்தோடு நின்றது. இங்கும் பாலம் வேண்டும் என்று மக்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

பணம் செலவானதோ வேறிடத்தில். இதே கிழக்குக் கடற்கரையில், தெற்கே ஒலுவிலில், டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த சரக்குக் கப்பல்கள் வரவில்லை. வடக்கு நோக்கி நகரும் கடல்மணலை அலைதாங்கிகள் மறித்தன. நுழைவாயில் தூர்ந்தது, வடபுறக் கரையைக் கடல் அரித்தது, தென்னந்தோப்புகள் போயின. மீனவர்கள் தம் படகை வெளியே கொண்டுபோகவே போராட வேண்டியிருந்தது. நாள்தோறும் சரக்கு ஏறி இறங்கும் இந்த வாவித் துறைகளுக்கு அந்தச் செலவில் ஒரு துளி வந்திருந்தாலும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

இது உயிர்ப் பிரச்சினையும்கூட. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்த காலத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் இறந்தார்கள். அதன்பிறகும் ஏற்றும் பாரத்தைக் கண்மதிப்புக்கு விட்டுவைப்பது தகாது. மிதவையில் பார அளவுக் கோடு, ஏறும் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி, துறையில் இரவு விளக்கு, கச்சான் காலத்தில் தூர்வாருதல், பாதைக்காரருக்கு நிரந்தர நியமனம்: பாலம் வரும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இவை. பொறுப்பில் உள்ளவர்கள் அடுத்த மாரிக்கு முன் செய்து தர வேண்டும்.