சோலைக்காட்டில் மூன்று வாரங்கள்

"மூன்று வாரமா? மலைக்காட்டிலா? அதுவும் பெண்பிள்ளைகள் ஐந்து பேரா?"

எங்கள் ஐந்து வீடுகளிலும் ஒரே மாலையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுந்த கேள்வி இது. கோடைக்கானலுக்கு மூன்று நாள் சுற்றுலா என்றால் எந்தத் தந்தையும் மறுப்புச் சொல்லமாட்டார். சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பதற்காக மகளை மலைக்கு அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? உயிரியல் ஆசிரியையான எங்கள் அருட்சகோதரி வீடு வீடாக வந்து, தாமும் உடன் வருவதாகவும், தங்குவது கன்னியர் மடத்தில்தான் என்றும் உறுதி கூறிய பிறகே ஐந்து கையெழுத்துகளும் கிடைத்தன. ஒரு தாயார் கையெழுத்தோடு இரண்டு கம்பளிப் போர்வைகளையும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயையும் சேர்த்துக் கொடுத்தார். (ஊறுகாய் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.)

2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாரம். திண்டுக்கல் வெயிலில் வெந்து கொண்டிருந்த நாங்கள், வத்தலக்குண்டைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் சன்னல்களை விட்டு நகரவில்லை. டம் டம் பாறை அருகே ஓட்டுநர் சிறிது நேரம் நிறுத்தினார். எதிர்மலையில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. தலையாறு அருவியாம், எலிவால் அருவி என்றும் சொல்வார்களாம். உயரம் 297 மீட்டர். "அதோ அந்த நூல்தான் கீழே மஞ்சளாறு. அது புறப்படுகிற இடத்துக்குத்தான் போகிறோம்" என்றார் சகோதரி. அப்போது எங்களுக்கு அது வெறும் காட்சியாகவே பட்டது. படம் எடுத்துக் கொண்டோம்.

இயற்கை மையம் நாங்கள் கற்பனை செய்து வைத்திருந்தது போல் இல்லை. தகரக் கூரை வேய்ந்த ஒரு நீண்ட கட்டிடம், ஒரு மழைமானி, பின்புறம் நாற்றுப்பண்ணை, அதற்கப்பால் காட்டிற்குள் இறங்கும் மூன்று நடைபாதைகள். அவ்வளவுதான். பொறுப்பாளர் ஐயா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாதையில் பேச்சைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்றார். முதல் கட்டளை எளிது. இரண்டாவதை நாங்கள் எவ்வளவு காப்பாற்றினோம் என்பதை மலை அணில்களைக் கேட்டால் தெரியும்.

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். மழைமானியைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். பாதையில் முந்தைய நாள் விருந்தினர் போட்டுவிட்டுப் போன சிப்ஸ் உறைகளைப் பொறுக்க வேண்டும். பின்னர் மண்ணும் சாண எருவும் சலித்துப் பைகளில் நிரப்ப வேண்டும். இதுவா பயிற்சி என்று இரண்டாம் நாள் மாலை எங்களுள் ஒருத்தி அழுதேவிட்டாள். யார் என்று எழுதக்கூடாது என ஒப்பந்தம்.

நாற்றுப்பண்ணை அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்கிறவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் மரங்களின் லத்தீன் பெயர்களை எங்களைவிடச் சரியாக உச்சரிப்பார்! "பாப்பா, இது எலியோகார்ப்பஸ். உத்திராட்சக் கொட்டை இருக்குல்ல, அதுக்குச் சொந்தக்கார மரம்" என்பார். கொட்டையைக் கல்லில் தட்டினாலும் உடையாது. அது முளைக்கக் காத்திருக்கும் பொறுமை நமக்குத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கக்கூட இல்லை.

சோலை என்ற சொல்லை நாம் பூஞ்சோலை, மாஞ்சோலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மலை உச்சியில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. ஆங்கில அறிவியல் நூல்களிலும் இந்தக் காட்டுக்கு 'ஷோலா' என்றே பெயர். நம் சொல்லைத்தான் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் மலையின் முதுகெல்லாம் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமையான காடு. அதுதான் சோலை. ஏன் மரங்கள் புல்வெளிக்கு ஏறி வரவில்லை? எங்களுக்குத் தோன்றாத கேள்வியை ஐயாவே கேட்டு ஐயாவே விடை சொன்னார். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும், இளங்கன்று கருகிவிடும். தப்பிப் பிழைத்தவற்றைக் கோடையில் எரியும் புல் கொன்றுவிடும். ஆகவே நிழலும் ஈரமும் உள்ள மடிப்பில்தான் மரக்கன்று பிழைக்கும். புல்லும் சோலையும் சேர்ந்து மழையை உறிஞ்சி வைத்துக் கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. இரண்டாம் பாதையின் முடிவில் அந்தக் கசிவைக் கண்டோம். பாசி படிந்த பாறைக்கடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். டம் டம் பாறையில் பார்த்த வெள்ளை நூல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐவரும் குனிந்து குடித்தோம். பல் கூசியது.

அந்தப் பாதையில் இன்னொரு வேடிக்கை. ஓடையோரம் நடந்து கொண்டிருந்தபோது யாரோ ஒரு பையன் நிதானமாக, ஏதோ பாட்டை மறந்து மறந்து விசில் அடிப்பது கேட்டது. நாங்கள் முகத்தைச் சுளித்துக் கொண்டு வேகமாக நடந்தோம். "யாருடா அது?" என்று துணிச்சல்காரி ஒருத்தி அதட்டவும் செய்தாள். பாறை மேலிருந்து கருநீலப் பறவை ஒன்று பறந்து போனது! பிறகு பறவை நூலைப் புரட்டினால், அதற்கு 'விசிலடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்றே ஆங்கிலத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டாம். மூன்று வாரமும் அந்தப் பையனைத் தேடி நடந்தோம் என்று எழுதினால் சகோதரிகள் தவறாக எண்ண வேண்டாம்.

கருமந்தியையும் கண்டோம். காட்டுமாட்டையும் கண்டோம், நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை அணிந்தது போல, மையத்தின் வாசலிலேயே நின்றது. கோடைக்கானல் கடைத்தெருவுக்கே அவை வந்துவிடுகின்றன என்பதால் உள்ளூர்ப் பிள்ளைகள் பயப்படவில்லை. நாங்கள் நாற்பது நிமிடம் சமையலறைக்குள் அடைந்து கிடந்தோம்.

குறிஞ்சிச் செடிகளும் இருந்தன, பூவில்லாமல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு மடிந்து போகும் செடி அது. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. போன முறை பூத்தபோது நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். அடுத்த முறை எங்கே இருப்போமோ!

இனி, எழுத வேண்டுமா என்று நாங்கள் நீண்ட நேரம் வாதாடிய பகுதி.

மையத்தின் மேற்கே பழைய வாட்டில் மரத் தோப்பு ஒன்று இருக்கிறது. வாட்டில் ஆஸ்திரேலிய மரம். வெள்ளையர் காலத்தில் வந்து, பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் பெருமளவில் நடப்பட்டு, தைலமரம், பைன் ஆகியவற்றோடு சேர்ந்து பழனி மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அப்படியானால் வெட்டிவிட வேண்டியதுதானே? நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் இந்தத் தோப்பின் நிழலில், பறவைகள் கொண்டு வந்து போட்ட விதைகளிலிருந்து சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. வந்தேறி மரம் வீட்டுப் பிள்ளைக்குக் குடை பிடிக்கிறது. கண்மூடித்தனமாக வெட்டினால் குடையும் போகும், பிள்ளையும் போகும். அதனால் அந்தத் தோப்பை இருபது சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கன்று பிழைக்கிறது என்று மையத்தார் ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள்.

அந்தக் கன்றுகளுக்கு எதிரி செஸ்ட்ரம் என்னும் புதர். மத்திய அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காக வந்த ஆரஞ்சுப் பூச்செடி. பழத்தைப் பறவைகள் தின்று எங்கும் பரப்பிவிடுகின்றன. அதன் நாற்றுகளைப் பிடுங்குவதுதான் எங்கள் இரண்டாம் வார வேலை. "இலையைக் கசக்கி மோந்து பாருங்க. நாத்தம் அடிச்சாப் பிடுங்குங்க. மோந்து பார்க்காமப் பிடுங்கக் கூடாது" என்று அக்கா மூன்று தடவை சொன்னார். நாங்கள் மூன்று தடவை தலையாட்டினோம்.

முதல் இரண்டு நாட்கள் ஒவ்வொரு இலையையும் முகர்ந்தோம். மூன்றாம் நாள் இரண்டு அணியாகப் பிரிந்தோம். யார் சதுரத்தை முதலில் முடிப்பது என்று போட்டி. பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் விறைத்துப் போயின. இலைகளெல்லாம் ஒன்று போலவே இருந்தன. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஐவருமே முகர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டோம். நான்கரை மணிக்கு இரண்டு பெரிய குவியல்கள். பெருமையாக அக்காவைக் கூப்பிட்டோம்.

அக்கா குவியல் அருகே உட்கார்ந்தார். ஒரு செடியை எடுத்தார். ஓர் இலையைக் கசக்கி, எங்களுள் முதலாவதாக நின்றவளின் மூக்கருகே நீட்டினார். பட்டை, கிராம்பு போட்டுத் தாளித்தது போன்ற இனிய மணம்! காட்டு லவங்கப்பட்டை. முழங்கை உயரக் கன்று. அந்த உயரம் வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அக்கா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தி இருட்டும் வரை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாங்களும் உட்கார்ந்து, இப்போது முகர்ந்து முகர்ந்து பிரித்தோம். மொத்தம் 211 செடிகள். அதில் 43 சோலைக் கன்றுகள்: லவங்கம், நாவல் இனம், அந்த எலியோகார்ப்பஸ். 24 கன்றுகளின் வேர் அறுந்திருந்தது. மீதி 19-ஐ அக்கா ஈரச் சாக்கில் சுற்றி, மறுநாள் விடியுமுன் அதே குழிகளில் நட்டுவிட்டார்.

அன்றைய நாள் பதிவேட்டை எழுத வேண்டியவர்கள் நாங்கள். 'பிடுங்கிய செஸ்ட்ரம்' என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே ஓர் எண். அவ்வளவுதான் கேள்வி. "168 என்று எழுதிவிடுவோம், அது பொய்யில்லையே" என்றாள் ஒருத்தி. உண்மைதான், பொய்யில்லை. "அக்காவும் ஐயாவிடம் சொல்லவில்லை, நாம் ஏன்?" என்றாள் இன்னொருத்தி. "பயிற்சிச் சான்றிதழ் தரமாட்டார்கள்" என்று மற்றொருத்தி. அன்றிரவு ஜெபத்திற்குப் பிறகும் நாங்கள் தூங்கவில்லை. சண்டையே வந்தது. யாருடைய யோசனை அந்தப் போட்டி என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக் கொண்டோம். பக்கத்து அறையிலிருந்த சகோதரிக்குக் கேட்டிருக்கும்; ஆனால் அவர் எழுந்து வரவில்லை.

காலையில், கட்டத்திற்குக் கீழே இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினோம். சதுரம் எண் 7, சதுரம் எண் 8. தவறாகப் பிடுங்கியவை 43. ஐந்து பெயர்களும் ஐந்து கையெழுத்தும். பொறுப்பாளர் ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இதை எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த வருடம் எண்ணும்போது 7-லும் 8-லும் கன்று ஏன் குறைந்தது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக் கொண்டிருப்போம். மண்ணில் நோயா, மாடு மேய்ந்ததா என்று என்னென்னவோ எழுதி வைத்திருப்போம்" என்றார். பிறகு, "ஒரு வாரத்துக்குத் தோப்புப் பக்கம் வர வேண்டாம். மண் சலியுங்கள்" என்றார்.

சலித்தோம். அழுதவள்கூட இம்முறை அழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் சகோதரி எங்களைச் செண்பகனூருக்கு அழைத்துப் போனார். பெயரிலேயே செண்பகத்தை வைத்திருக்கும் ஊர். இயேசு சபையார் 1895-இல் அங்கே நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வரிசை வரிசையாக இருந்தன. இந்த மலைகளின் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்தவர் கே. எம். மேத்யூ என்னும் இயேசு சபைக் குரு. 'பழனி மலைத் தாவரங்கள்' பற்றிய அவருடைய பெரிய ஆங்கில நூல் 1999-இல் வெளிவந்தது. அவர் 2004-இல் காலமானார். "ஒவ்வொரு இலையையும் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரே!" என்றாள் எங்களுள் ஒருத்தி. மற்ற நால்வரும் அவளை முறைத்தோம்.

கடைசி வாரத்தில் விருந்தினரைப் பாதையில் அழைத்துச் செல்லும் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துச் சிறுமி, சிவந்த தளிரைப் பூ என்று நினைத்துக் கிள்ளப் போனாள். சோலை மரங்கள் துளிர்க்கும்போது இலை சிவப்பாகத்தான் வரும். ஐந்து பேரும் ஒரே குரலில் "தொடாதே!" என்று கத்தியதில் குழந்தை மிரண்டுவிட்டாள். அவள் தாயார் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு கசிவு நீரைக் காட்டிச் சமாதானம் செய்தோம்.

புறப்படும் நாளில் அக்கா எங்களைத் தோப்புக்கு அழைத்துப் போனார். பழைய சேலை ஒன்றைக் கிழித்து, 19 கன்றுகளுக்கு அருகிலும் குச்சி நட்டு, மஞ்சள் துணி கட்டச் செய்தார். சான்றிதழும் கொடுத்தார்கள். அதில் 43 பற்றி ஒன்றுமில்லை.

ஆகஸ்டு மாதம், பள்ளியில் முதல் இடைத்தேர்வு நடந்து கொண்டிருந்தபோது, சகோதரியின் கைபேசிக்கு ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. இடைவேளையில் ஆய்வகத்திற்கு எங்களை அழைத்துக் கேட்கச் செய்தார். பின்னணியில் மழைச் சத்தம். "பாப்பாங்களா, மழை நல்லாப் பெய்யுது. பதினொண்ணு நிக்குது. ஒண்ணு தளிர் விட்டிருக்கு, செக்கச்செவேல்னு. டிசம்பர்ல பனி விழும். அதுக்கப்புறம் எண்ணிட்டுச் சொல்றேன்."

— பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் ஐவர்