பேசாத எழுத்து

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால் குமரி மாவட்டத்துச் சுவர்களுக்குத் தனியொரு பொலிவு வந்துவிடும். நாம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தொடக்க ஆண்டுகளில், கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பே ஏணியும் தூரிகையும் சாய டப்பாவுமாக ஓவியர் ஒருவர் வந்து இறங்குவார். வெள்ளையடித்த மதிலில் 'திருவிழா' என்று எழுதும்போது ழகரத்தின் வாலை நீட்டி, அதைத் தென்னங்கீற்றாக வளைத்து, கீற்றின் நுனியில் ஒரு கிளியையும் உட்கார்த்தி வைப்பார். என்ன வளைத்தாலும் ழகரம் ழகரமாகவே இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போகும். பின்னாளில் ஃபிளக்ஸ் பலகைகள் வந்தன. ஓவியர்கள் வேறு தொழில் தேடிப் போனார்கள்.

எழுத்தை அலங்கரிக்கும் ஆசை அவர்களோடு போய்விடவில்லை. அது இப்போது கைபேசிக்குள் குடியேறியிருக்கிறது. நமது பங்கு இளைஞர்களின் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்தால், பெயர்கள் கொடிபோல் வளைந்தும், கறுத்துத் தடித்தும், வட்டத்துக்குள் அடைபட்டும், தலைகீழாகவும் நிற்கின்றன. இதை எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு தம்பியிடம் கேட்டோம். "ரொம்ப ஈசி ஃபாதர். சாதாரணமா பெயரை அடிச்சா, அதுவே முப்பது விதமா மாத்தித் தரும். பிடிச்சதை எடுத்து ஒட்டிக்கலாம்" என்றார். அது வேறு எழுத்துரு என்றே அவர் நினைத்திருந்தார்.

உண்மையில் அங்கே எழுத்துரு எதுவும் மாறுவதில்லை, எழுத்தே மாறிவிடுகிறது. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் யூனிக்கோடு. 2001-ஆம் ஆண்டு, கணித அறிஞர்களின் தேவைக்காக, இலத்தீன், கிரேக்க எழுத்துகளின் வடிவில் ஏறத்தாழ 1000 குறிகள் அதில் சேர்க்கப்பட்டன. கணிதத்தில் தடித்த எழுத்துக்கு ஒரு பொருள், மெலிந்த எழுத்துக்கு வேறு பொருள். பள்ளியில் வெக்டர் படித்தவர்களுக்கு இது தெரியும்: தடித்து எழுதினால் திசையும் சேர்ந்த அளவு, மெலிந்து எழுதினால் அளவு மட்டும். ஆகவே தடித்த வடிவம், சாய்ந்த வடிவம், கொடி வடிவம், பழைய செர்மானியக் கறுப்பெழுத்தின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார்கள். சமன்பாடுகளுக்காகப் படைத்த அந்தக் குறிகளை எடுத்துத்தான் நம் பிள்ளைகள் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு அது 'ஜெனிபர்'. கணினிக்கோ ஏழெட்டுக் கணிதக் குறிகளின் வரிசை.

ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. பெயரின் இருபுறமும் வாசல் வளைவு போல ஓர் அலங்காரக் குறியை இட்டுக்கொள்வது இப்போதைய நாகரிகம். விளையாட்டுச் செயலிகளில் சேரும் சிறுவர்கள் பலரும் அதைத் தங்கள் பெயருக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். அது சாவகத் தீவின் எழுத்துமுறையைச் சேர்ந்தது. அங்கே தலைப்புகளை அணிசெய்ய இடும் குறி. 2009-இல் அது யூனிக்கோட்டில் இடம்பெற்றது. சாவக எழுத்தோ, பல்லவர் காலத்தில் தென்னாட்டிலிருந்து கடல்கடந்து போன எழுத்தின் வழித்தோன்றல். இங்கிருந்து போன எழுத்தின் பேத்தி, ஆயிரத்து சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் நகை பூண்டு முட்டத்துக்கும் குளச்சலுக்கும் திரும்பி வந்து சிறுவர்களின் பெயருக்குக் காவல் நிற்கிறாள். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. விளையாட்டுப் பெயருக்கு எந்த நகையைப் பூட்டினாலும் யாருக்கும் இழப்பில்லை.

ஆனால், சாவு அறிவிப்பு விளையாட்டல்ல.

நமது பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பாடகர் குழுவில் நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்தவர். சர்க்கரை நோயால் பார்வை முற்றிலும் போய்விட்டது. தக்கலைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நம் கோவில் மணி அவ்வளவு தூரம் கேட்காது. ஊரோடு அவருக்கு இருக்கும் தொடர்பு கைபேசி ஒன்றுதான். திரையில் வருவதை அது வாய்விட்டுப் படித்துச் சொல்லும். ஒரு நாள் காலையில் பங்குக் குழுவில் செய்தி வந்தது. "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று தமிழில் தொடங்கியதைக் கைபேசி தெளிவாகப் படித்தது. அடுத்து இறந்தவரின் பெயர். துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஓர் இளைஞர் அதை ஆங்கிலத்தில், செர்மானியக் கறுப்பெழுத்தில் அமைத்திருந்தார். அடக்கத் திருப்பலியின் நேரமும் அதே வகைக் குறிகளில். கைபேசி அவற்றைத் தாண்டிக்கொண்டு போய், "இறைவனில் இளைப்பாறினார்" என்று முடித்துவிட்டது.

இறந்தவர், முப்பது ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். வேலைக்குப் போயிருந்த மகள் மாலையில் திரும்பி வந்து படித்துச் சொல்லும்போது, கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து நாம் அறைக்குத் திரும்பியிருந்தோம். மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து வந்து நம் முன் அமர்ந்தார். "சாமி, யாரோ செத்துட்டாங்கன்னு சொல்லிச்சு. யாருன்னு கேட்டா, பெயர் வர வேண்டிய இடத்துல போன் ஊமையாயிட்டு" என்றார். அவர் யார்மீதும் கோபப்படவில்லை. அதுதான் நமக்கு அதிகம் வலித்தது.

குருமடத்தில் படித்த காலத்தில், பொருள் என்பது வேறு, பொருளைக் காட்டும் குறி என்பது வேறு என்று புனித அகுஸ்தீனார் வகுத்த பாகுபாட்டைப் பலநாள் விவாதித்ததுண்டு. குறியின் பணி தன்னைக் கடந்து நம்மை வேறொன்றிடம் அழைத்துச் செல்வது. அன்று அந்தப் பெயர் பார்வையுள்ளவர்களை இறந்தவரிடம் அழைத்துச் சென்றது. பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இத்தகைய குறிகளை இயல்பான எழுத்தாக மாற்றிப் படிக்கும் கருவிகள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. எல்லாக் கைபேசிகளிலும் அந்தத் திறமை இல்லை. சில "கணிதத் தடித்த எழுத்து" என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் முழக்கி, பெயரையே ஒரு புலம்பலாக்கிவிடுகின்றன. தேடினாலும் இந்தப் பெயர்கள் பல இடங்களில் அகப்படுவதில்லை.

தமிழில் ஏன் எழுதவில்லை என்று அந்த இளைஞரிடம் கேட்டோம். "தமிழுக்கு இந்த மாதிரி ஸ்டைல் எழுத்து இல்லையே ஃபாதர்" என்றார், ஏதோ ஒரு வறுமையைச் சொல்வதுபோல. அவர் சொன்னது சரியே. தமிழ் 1991-இல் யூனிக்கோட்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் தமிழ் எழுத்துகளுக்குக் கணித வடிவங்கள் இல்லை. தமிழை அழகுபடுத்த வேண்டுமானால் எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும். எண் மாறாது, எழுத்தும் மாறாது. இந்த இல்லாமை நமக்கு வறுமையாகத் தோன்றவில்லை. இது இல்லாததால்தான் அன்று தமிழ் வரிகளாவது அந்தப் பெரியவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தன.

அணிகலனுக்காகத் தமிழ்ச் சொல்லையும் இளைஞர்கள் ரோமன் எழுத்தில் எழுதுவதைப் பார்க்கும்போது பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. தமிழ் அச்செழுத்து அப்போது இல்லை. அதற்காகக் கோவாவில் எழுத்து வார்த்தார்கள். பின்பு கொல்லத்திலும் வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20 அன்று அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள். மக்கள் தம் எழுத்தில் படிக்கவேண்டும் என்பதற்காக ஈயத்தோடு மல்லாடியவர்கள் அவர்கள். ஓலையில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கத்தால் குறில் எது, நெடில் எது என்று வாசகர் ஊகித்துக்கொண்டிருந்த காலத்தில், எகர ஒகரங்களின் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார் வீரமாமுனிவர். அவர் சேர்த்த சுழியும் கோடும் பார்வைக்கு அலங்காரம் போலவே இருக்கும். ஆனால் அவை படிப்பவரின் ஐயத்தைத் தீர்க்க வந்தவை.

நம் அலமாரியில் ஒரு குறுந்தகடு கிடக்கிறது. 2000-ஆம் ஆண்டு யூபிலி மலருக்காக அக்காலத் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் முகமூடி போட்டு எழுதுவதுதான் அன்று எங்கும் இருந்த முறை. இன்று அதைத் திறந்தால், முகமூடி கழன்று, ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் குப்பைபோல் விரிகிறது. மலரின் அச்சுப்படி இருப்பதால் பிழைத்தோம். இன்றைய கணிதப் பெயர்களும் அதே நோயின் வேறொரு வடிவம் என்றே நமக்குப் படுகிறது.

அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை. பெரியவரின் கைபேசியை வாங்கி, அவர் அனுப்பிய அறிவிப்பை அவர் காதிலேயே ஒலிக்கவிட்டோம். இரண்டு முறை கேட்டார். பெயர் வரும் இடத்தில் வெறும் இடைவெளி. அதன்பின் ஒன்றும் பேசவில்லை. இப்போது பங்கு அறிவிப்புகளை அவரே தமிழில், சாதாரண எழுத்தில் எழுதுகிறார். அலங்காரம் வேண்டுமானால் தனியே ஒரு படமாக அனுப்புகிறார். அனுப்புமுன் தன் கைபேசியில் ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பார்க்கிறாராம். தன் பெயருக்கு மட்டும் சாவக வளைவுகள் இரண்டையும் வைத்திருக்கிறார்.

"அது இருக்கட்டுமா ஃபாதர்?" என்று கேட்டார். இருக்கட்டும் தம்பி என்றோம்.