மாரியில் மங்கும் சிக்னல் விளக்கு

மாரி பிறந்தால் எமது பகுதியில் முதலில் பழுதாவது பாதை. அடுத்ததாகப் பழுதாவது வாகனங்களின் விளக்குகள். சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் போய்வரும் எவருக்கும் கிட்டங்கித் தாம்போதியைத் தெரியும். மழை கூடிய ஆண்டுகளில் அதன் மேலாகவே வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றிருக்கிறது. வெள்ளம் வற்றியதும் பஸ், லொறி, உழவு இயந்திரம், ஸ்கூட்டி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு புறப்படும். பொழுது விடிந்தும் வெளிச்சம் வராத அந்தக் காலைகளில், முன்னால் போகும் பெண் வலப்பக்கம் திரும்பப் போகிறாள் என்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வது ஒரு சிறிய மஞ்சள் விளக்குத்தான்.

இன்று எமது ஊர்களில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் பலர். ஆசிரியைகள், குடும்பநல உத்தியோகத்தர்கள், தையல் துணி கொண்டு செல்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் என்று பட்டியல் நீளும். 2004 சுனாமியும் 2009 வரை நீடித்த யுத்தமும் பல வீடுகளில் உழைக்கும் ஆணை இல்லாமலாக்கிவிட்டன. அத்தகைய வீடுகளில் ஸ்கூட்டி என்பது அடுப்பெரிவதற்கான வழி. ஆனால் வண்டி பெண்ணின் கைக்கு வந்த வேகத்தில் வண்டியைப் பற்றிய அறிவு அவளது கைக்கு வரவில்லை.

என் பணியின் நிமித்தம் நான் சந்திக்கும் ராத்தா ஒருவர் அதிகாலையில் இடியப்பம் கொண்டுபோய்க் கொடுப்பவர். சென்ற மாரியில் அவரது வண்டியின் பின்பக்க வலது சிக்னல் எரியவில்லை. அது அவருக்குத் தெரியும். "கராஜிக்குப் போனா அண்டைய பொழப்புப் போயிரும் தங்கச்சி. தம்பி வந்தாக் காட்டுவம் எண்டு உட்டுட்டன்" என்றார். தம்பி வருவதற்கு முன்னர், ஓர் ஒழுங்கையில் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. கை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதமும் இடியப்பமும் இல்லை, வருமானமும் இல்லை. அவரது வண்டியில் பழுதாயிருந்தது ஒரேயொரு பல்ப். அதன் விலை ஒரு நாள் சம்பாத்தியத்தில் ஒரு சிறு பங்குதான்.

மாரியில் ஏன் இப்படி நேர்கிறது? நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. எமக்கு அவ்வளவு குளிர் இல்லை. எமக்கு வாய்த்திருப்பவை ஈரமும் கடலோரத்து உப்புக் காற்றும். இரவின் குளிரில் விளக்கு மூடியின் உட்புறம் வியர்த்து நீர்த்துளி பிடிக்கும். அந்த ஈரம் பல்ப் பொருந்தும் இடத்தில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பு படிந்த இடத்தில் மின்சாரம் ஒழுங்காக ஓடாது. பற்றரியின் உள்ளே நடப்பது இரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகும். போதாததற்கு, மழைநாளில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, அடிக்கடி நிறுத்தி நிறுத்திச் செல்ஃப் ஸ்டார்ட் அடித்துச் சிறிய தூரங்களே ஓடுகிறோம். பற்றரி நிரம்புவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

பழுதைக் கண்டுபிடிக்க முதலில் கருவி எதுவும் தேவையில்லை, கண்ணும் காதும் போதும். எத்தனை விளக்குகள் எரியவில்லை என்று பாருங்கள். நான்கும் எரியாவிட்டால் பியூஸ், பற்றரி, சுவிட்ச் அல்லது பிளாஷர் எனப்படும் சிறு பெட்டி ஆகியவற்றில் குறை இருக்கும். ஒரு பக்கம் மாத்திரம் எரியாவிட்டால் அந்தப் பக்கத்து வயரையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஒரேயொரு விளக்கு மாத்திரம் என்றால் பெரும்பாலும் பல்ப்தான், அல்லது அது பொருந்தும் இடத்துக் களிம்புதான்.

அடுத்ததாக, சிமிட்டும் வேகத்தைக் கவனியுங்கள். ஒழுங்கான சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை சிமிட்டும். பல வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு 10 வாற் பல்ப் இரண்டு இருக்கும். 12 வோல்ட் பற்றரியிலிருந்து அவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.7 அம்பியர் மின்சாரம் எடுக்கும். ஒரு பல்ப் எரிந்துபோனால் அது பாதியாகிவிடும். அந்த மாற்றத்தால் பிளாஷரின் தாளம் தவறும். சில வண்டிகளில் படபடவென்று சிமிட்டும், சிலவற்றில் சிமிட்டாமல் அப்படியே எரிந்து நிற்கும். குறைந்த வாற் உள்ள எல்ஈடி பல்பை மாற்றிப் போட்டாலும் இதே படபடப்பு வரும். அது வண்டியின் பழுதல்ல, அதற்கேற்ற பிளாஷர் போடாத குறை. மங்கலாக, மெதுவாகச் சிமிட்டினால் ஹோனை அடித்துப் பாருங்கள். ஹோனும் கம்மினால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லு நிலத்தில் படாமல், பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக அக்சிலேற்றரைக் கூட்டும்போது சிக்னல் தெளிவடைந்தாலும் அதே முடிவுதான்.

பல்ப் மாற்றுவது கடினமான வேலையல்ல. சாவியை நிறுத்திவிட்டு, மூடியின் ஸ்குரூவைக் கழற்றி, பல்பை மெல்ல அமுக்கித் திருப்பினால் வந்துவிடும். உள்ளே களிம்பு இருந்தால் மெல்லிய சேண்ட் பேப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அதே வாற் உள்ள பல்பையே போட வேண்டும். மூடியைப் பூட்டும்போது ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்றும், அடியில் நீர் வடிய சிறு துளை இருந்தால் அது சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பற்றரி முனைகளில் சிறிது வாஸ்லின் பூசினால் களிம்பு பிடிப்பது குறையும்.

ஓர் எச்சரிக்கை. பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு விளக்கு எரியும். பிறகு வயரும் எரியும். குறித்த அம்பியர் அளவுள்ள பியூஸைத்தான் போட வேண்டும். அதுவும் திரும்பத் திரும்ப எரிந்தால் வயரிங் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சிக்னல் இல்லாமல் ஓட்ட நேர்ந்தால் கையை நீட்டிக் காட்டலாம்தான். ஆனால் அக்சிலேற்றரும் முன் பிரேக்கும் வலது கையில்தான் இருக்கின்றன. ஈரப்பாதையில் அந்தக் கையை எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஓட்டுபவர்கள் அறிவார்கள். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நின்று, பாதை வெறுமையான பின் திரும்புவதே நல்லது.

அந்த ராத்தாவின் கை குணமான பிறகு, எமது மகளிர் குழுவுக்கு ஒரு பிற்பகல் மோட்டார் சைக்கிள் திருத்தும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். இரண்டு மணித்தியாலத்தில் பதினொரு பெண்களும் தத்தமது வண்டியின் பல்பைக் கழற்றிப் பூட்டினார்கள். "இவ்வளவு நாளா ஏன் தம்பி சொல்லித் தரல்ல?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு பொம்புளயும் கேக்கல்லியே ராத்தா" என்றார் அவர்.

சமூகவியல் வகுப்பில் வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரியில் அது முழுவதும் அடங்கியிருந்தது. எவரும் தடுக்கவில்லை. எனினும் கேட்கலாம் என்ற எண்ணமே எமக்குள் வளர்க்கப்படவில்லை. தையல் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால் நாமே மாற்றுகிறோம். கேஸ் அடுப்பின் ரெகுலேற்றரை நாமே பூட்டுகிறோம். ஸ்கூட்டியின் விளக்கு மட்டும் தம்பிக்கும் மகனுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, இந்த மாரியில் வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு சிக்னலையும் போட்டுப் பாருங்கள், வண்டியின் பின்னால் பிள்ளை ஒருவரை நிறுத்தி எரிகிறதா என்று கேளுங்கள். சீற்றுக்குக் கீழே ஒரு ஸ்குரூ டிரைவரும், இரண்டு பல்பும், ஒரு பியூஸும் இருக்கட்டும்.