பதிவேட்டில் ஏறாத கோப்பு

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடிக்கணினியைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு புரண்டு கிடந்தேன். என்னைப் போல ஓய்வுக்குப் பிறகு லினக்ஸில் கை வைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

கம்பத்தில் எங்கள் தெருவில் இருக்கிறது அந்தக் குடும்பம். அப்பா திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். அம்மா சீட்டு எடுத்துப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். பெண் பி.காம். இரண்டாம் வருடம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று வந்தது. கடையில் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

"எதுக்கும்மா புதுசு? பக்கத்துலயே லினக்ஸ் மின்ட் போட்டுத் தர்றேன். ரெண்டும் இருக்கட்டும்" என்றேன்.

அந்தத் தைரியம் சும்மா வரவில்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தெருப் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து கேட்கப்போய்த்தான் நானே கற்றுக்கொண்டேன். என் கைக்கு வந்தவை எல்லாம் பழைய பயாஸ் வகை. என் பழக்கமும் அதிலேயே நின்றுவிட்டது.

பென் டிரைவைச் செருகி, எஃப் 12 அழுத்தினேன். பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருந்தது, மற்றதில் வெறும் பெயர். தெரிந்த முகம் என்று வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

முக்கால் மணி நேரம் ஓடி, கடைசியில் கிரப்பை நிறுவ முடியவில்லை என்று சிவப்புக் குறியோடு நின்றது. திருப்பித் திறந்தால் விண்டோஸ் மட்டும் வந்தது. அப்போதே விட்டிருக்கலாம். செட்டப்புக்குள் போய் யுஇஎஃப்ஐ என்பதை லெகசி என்று மாற்றினேன். பிறகு விண்டோஸும் வரவில்லை. கறுப்புத் திரையில், தொடங்க எந்த வட்டும் இல்லை என்று ஒரே வரி.

"தாத்தா, திங்கக்கெழம புராஜெக்ட் குடுக்கணும். அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். அவள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் ரொம்பப் பழசும்மா. அதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லிவிட்டேன். டிஸ்க் மேல் ஒரு குறையும் இல்லை. எழுபது தாண்டியும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் புத்தி போகவில்லை. "அப்ப இன்னொரு சீட்டுதான் போடணும் போல" என்று அந்த அம்மா சொன்னது ராத்திரி தூங்கவிடவில்லை.

விடிகாலை எழுந்து என் கணினியில் படிக்க உட்கார்ந்தேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன், சிக்கல் என்றால் இன்றும் பிரெஞ்சு விளக்கங்களைத்தான் தேடுவேன். பூட் ஆவதை அவர்கள் 'அமோர்சாஜ்' என்கிறார்கள். பம்புக்கு முதல் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதே சொல். நம் தோட்டக்காரர்களுக்கு இது தெரியும். பம்பில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது. கிணற்றில் தண்ணீர் இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும், முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பழைய பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டைப் படித்துத் தொடங்கும். யுஇஎஃப்ஐ அப்படியல்ல. வட்டில் ஃபேட் 32 வகையில் ஒரு சிறு பகுதி இருக்கும், விண்டோஸ் வழக்கமாக அதற்கு 100 எம்பி ஒதுக்கும். தொடக்கக் கோப்புகள் அதில் இருக்கும். எந்தக் கோப்பை எந்த வரிசையில் எடுப்பது என்பது மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும். எழுத்தர் பாஷையில் சொன்னால் அதுதான் தபால் பதிவேடு. அலமாரியில் கோப்பு பத்திரமாக இருந்தாலும் பதிவேட்டில் ஏறாவிட்டால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது இல்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் பரவலானது. அது கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து மாதிரி. கையெழுத்து இல்லாத கோப்பை உள்ளே விடாது. மின்ட், உபுந்து போன்றவை மைக்ரோசாப்ட் கையெழுத்திட்ட 'ஷிம்' என்ற சிறு நிரலோடு வருவதால் பெரும்பாலும் அதை அணைக்கவே தேவையில்லை.

ஆக, நான் லினக்ஸைப் பழைய வாசல் வழியாக ஏற்றியிருக்கிறேன், விண்டோஸ் குடியிருப்பது புது வாசலில். லெகசிக்கு மாற்றியதும் புது வாசலும் மூடிவிட்டது. உள்ளே எதுவும் அழியவில்லை.

ஞாயிறு ஏழு மணிக்கே அவர்கள் கதவைத் தட்டினேன். மறுபடி யுஇஎஃப்ஐ என்று மாற்றியதும் விண்டோஸ் வந்தது. முதல் வேலையாக அவளுடைய கோப்புகளை வேறு பென் டிரைவில் எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தேன். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதன் பகுதியில் லினக்ஸ் எழுத முடியாது.

இந்த முறை யுஇஎஃப்ஐ என்று போட்ட வரியைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவும் முன் சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தேன். அது இருந்தால் சரியான வாசல். நேற்றுப் போட்ட லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்து மறுபடி போட்டேன். அந்த 100 எம்பி பகுதியை 'ஃபார்மட்' செய்யவே கூடாது, விண்டோஸின் தொடக்கமும் அதில்தான். கிரப் அதன் பக்கத்தில் தனி அடைவு போட்டுக்கொண்டது.

திறந்தால் மறுபடி நேராக விண்டோஸ்! அந்தத் தயாரிப்பாளரின் கணினி, செட்டப்பில் கடவுச்சொல் வைத்து, லினக்ஸின் கோப்பை நம்பகமானது என்று நாமே குறித்தால்தான் ஏற்றுக்கொள்ளுமாம். குறித்தேன். இரண்டு பெயரும் உள்ள பட்டியல் வந்தது.

ஒரு எச்சரிக்கை. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் செட்டப்பைத் தொட்டால் மீட்புச் சாவி கேட்கலாம். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செட்டப்பில் வைத்த கடவுச்சொல்லையும்தான்.

எல்லாம் முடிந்ததும் அவள் அம்மாவிடம் சொன்னேன்: "டிஸ்க்ல ஒண்ணும் இல்லம்மா. நேத்து நான்தான் தப்பாப் போட்டேன். சீட்டெல்லாம் போட வேண்டாம்."

"அது நேத்தே தெரியும்யா" என்றார். "உங்க மூஞ்சியே சொல்லுச்சு. காபி ஆறுது, குடிங்க."